‘நீ நெகட்டிவ்’ என்கிறார்கள் வீட்டில்... நான் மாற வேண்டுமா?

கேள்வி:

எனக்கு வயது 38. என் கணவர் பேக்கரியும் டீக்கடையும் சேர்த்து நடத்துகிறார். 9 வருடமாகக் கடை நன்றாகவே ஓடுகிறது. கணக்கு வழக்கு முழுக்க நான்தான். இப்போது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இரண்டாவது கடை போட வேண்டும் என்கிறார். அதற்கு வீட்டுப் பத்திரத்தை வைத்து 18 லட்சம் கடன், 10 வருடத் தவணை. மாதம் 24,800 கட்ட வேண்டி வரும். வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும்.

‘மாஸ்டர் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பாதாள சாக்கடைக்கு ரோட்டைத் தோண்டிப் போட்டால் யார் கடைக்கு வருவார்கள்?’ என்று கேட்டால், ‘வாயைத் திறந்தாலே நெகட்டிவா? மூணே மாசத்துல கடை பிக்கப் ஆகிடும் பாரு’ என்கிறார். அத்தையும், ‘உன் வாயில நல்ல வார்த்தையே வராதா’ என்கிறார். இத்தனைக்கும் கொரோனா ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, அத்தை பித்தளைக் குடத்துக்குள் சேர்த்து வைத்திருந்த 32 ஆயிரத்தை எடுத்துக் கொடுத்ததால்தான் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுக்க முடிந்தது.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, எங்கள் வீடு ஜப்தியாகிவிட்டது. அதிலிருந்து எதை எடுத்தாலும் கெட்டதுதான் முதலில் தோன்றுகிறது. பாசிட்டிவ் வீடியோக்கள் நிறையப் பார்த்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று ‘எல்லாம் நல்லதே நடக்கும், நான் ஜெயிப்பேன்’ என்று சொல்லிப் பார்த்தேன். பயம் கூடியதுதான் மிச்சம். இரவு 2 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. என் ராசி அப்படி, நான் எதைத் தொட்டாலும் விளங்காது. நான் மாற வேண்டுமா? கையெழுத்துப் போடலாமா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘மாஸ்டர் போய்விட்டால்?’, ‘ரோட்டைத் தோண்டினால்?’ என்று சில கேள்விகள் இருக்கின்றன. கடைசியில் ‘நான் எதைத் தொட்டாலும் விளங்காது’ என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘நெகட்டிவ்’ என்று வீட்டில் பெயர் வைத்துவிட்டார்கள். நீங்களும் அப்படியே ஏற்றுக்கொண்டீர்கள். என்னைக் கேட்டால், முதலாவதை நீங்கள் மாற்றிக்கொள்ளவே வேண்டாம். இரண்டாவதைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது.

முதலில் அந்தக் கேள்விகள். மாஸ்டர் இல்லாத அன்று பப்ஸ் யார் போடுவது என்பது பேக்கரி நடத்துகிற யாருக்கும் தெரிந்த தலைவலி. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் மாசிக்குத்தான் வருவார், இல்லை பக்கத்து ஊர்க் கடையில் நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அங்கே நிற்பார். இதைக் கேட்பது அபசகுனம் கிடையாது. கணக்குப் பார்க்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி. இதற்குப் பதிலும் உண்டு. இப்போதிருக்கும் கடையில் உதவிக்கு நிற்கும் பையன் ஒருவர் இன்றிலிருந்தே மாவு பிசையவும் அடுப்பு பார்க்கவும் பழகட்டும். ரோடு விஷயமும் அப்படித்தான். அந்தத் தெருவில் பாதாள சாக்கடை வேலை முடிந்துவிட்டதா, இனிமேல்தான் வருமா என்று நகராட்சியில் விசாரிக்கலாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். உங்கள் பயம் ஒவ்வொன்றும் இப்படி ஒரு வேலையில் போய் முடிகிறது என்றால், அந்தப் பயத்தால் உங்கள் குடும்பத்துக்கு லாபம்தான்.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஜூலி நோரம், நான்சி கேண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1986 இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நன்றாகப் படிக்கிற மாணவர்களிலேயே ஒரு சாரார் ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் ‘இந்தத் தடவை சொதப்பப் போகிறேன்’ என்று நினைக்கிறார்கள். என்னவெல்லாம் தப்பாகப் போகலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்து, அதற்கெல்லாம் தயாராகி, கடைசியில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். இவர்களிடம் போய் ‘உங்களால் முடியும், கவலையே படாதீர்கள்’ என்று தைரியம் சொன்னபோது என்ன ஆயிற்று தெரியுமா? அவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். கவலைதான் அவர்களைத் தயார்படுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டால் கையில் எதுவும் இல்லை.

கண்ணாடி முன்னால் நின்று சொன்ன வாக்கியங்கள் உங்களுக்கு ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலிருந்து புரியும். ‘நான் அன்புக்கு உரியவள்’ என்பது போன்ற வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, ஜோஆன் வுட் என்ற உளவியலாளர் கனடாவில் செய்த ஆய்வு 2009 இல் வெளிவந்தது. தன்மேல் ஏற்கெனவே நல்ல மதிப்பு உள்ளவர்களுக்கு அதனால் கொஞ்சம் நன்மை இருந்தது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ மனநிலை இன்னும் இறங்கியது. வாய் ‘ஜெயிப்பேன்’ என்கிறது, உள்ளே இருக்கும் குரல் ‘எப்படி?’ என்று உடனே எதிர்க்கேள்வி போடுகிறது. தினமும் காலையில் அந்தச் சண்டையில் நீங்கள் தோற்றுக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அந்த வைத்தியம் உங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான். அந்த வீடியோக்களை நிறுத்திவிடுங்கள்.

‘பாசிட்டிவாக இரு’ என்பதை எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையாகக் கொடுப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. பயப்படுவதற்கே வெட்கப்பட்டு, அதை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கிவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பித்தளைக் குடத்தில் 32 ஆயிரம் எப்படிச் சேர்ந்தது? ‘நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தால்?’ என்று வருஷக்கணக்கில் யோசித்த ஒரு பெண்ணின் பணம் அது. உங்கள் மனசு எப்படி வேலை செய்கிறதோ, அதே மாதிரிதான் அவர் மனசும் வேலை செய்திருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம், அவர் அதை வாயால் சொல்லாமல் கையால் செய்துவிட்டார். நம் வீடுகளில் கெட்டதை வாயால் சொன்னால் நடந்துவிடும் என்ற நம்பிக்கை பலமானது, அதோடு மோத வேண்டாம். அத்தையிடம் தனியாக, ‘அன்றைக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த மாதிரி, நாமும் இப்போதே ஏதாவது எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் என்ன அத்தை?’ என்று கேளுங்கள். உங்களுக்கு இந்த வீட்டில் துணை கிடைப்பதென்றால் அது அவரிடமிருந்துதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கணவர். அவரையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நல்லது நடக்கும் என்று நம்புகிற சுபாவத்துக்கு நிஜமான பலன் இருக்கிறது. மைக்கேல் ஷையரும் சார்ல்ஸ் கார்வரும் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 51 ஆண்களைக் கவனித்து 1989 இல் எழுதினார்கள். நம்பிக்கையோடு இருந்தவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள், சீக்கிரம் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பினார்கள். கடை வைப்பதற்கும் அந்தக் குணம் வேண்டும். ஊரடங்கில் ஷட்டர் இறங்கிக் கிடந்தபோது ‘திரும்பத் திறப்போம்’ என்று யாராவது நம்பியிருக்க வேண்டும் இல்லையா? உங்கள் வீட்டில் அது அவராகத்தான் இருந்திருப்பார்.

ஆனால் ‘இந்தத் தொழில் எனக்குத் தெரியும், அதனால் ஓடும்’ என்று நம்புவது வேறு, ‘மூணே மாசத்துல பிக்கப் ஆகிடும்’ என்று கனவு காண்பது வேறு. கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் தாமஸ் வாடன் என்பவரோடு சேர்ந்து, எடை குறைக்கும் பயிற்சியில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார். 1991 இல் வெளியான ஆய்வு அது. எடை குறையும் என்று நம்பியவர்களுக்கு நன்றாகக் குறைந்தது. இளைத்த பிறகு எப்படியெல்லாம் இருப்போம் என்று இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களுக்கோ குறைவாகத்தான் குறைந்தது. கற்பனையிலேயே ஜெயித்துவிட்ட மனசுக்கு அப்புறம் வியர்வை சிந்தத் தோன்றுவதில்லை. உங்கள் கணவரின் 9 வருட அனுபவம் நம்பிக்கைக்கு நல்ல ஆதாரம். மூன்று மாதம் என்ற கணக்குக்கு என்ன ஆதாரம் என்று மட்டும் அவர் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்.

இந்த மாதிரிக் காலக்கணக்கில் எல்லோருமே ஏமாறுகிறோம். ரோஜர் பியூலரும் அவருடைய சகாக்களும் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. சரி, எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். நிஜத்தில் 55 நாளுக்கு மேல் ஆனது. அதாவது, மோசமாகப் போகும் என்று வைத்துப் போட்ட கணக்கே போதவில்லை. இதற்கு ஒரு வழி இருக்கிறது. நமக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இதையே செய்த மற்றவர்களுக்கு எவ்வளவு நாள் ஆனது என்று விசாரிப்பது. இரண்டாவது கிளை போட்ட பேக்கரிக்காரர்கள் நான்கைந்து பேரை உங்கள் கணவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கைக்காசு போடாமல் கடை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள எத்தனை மாதம் ஆனது என்று அவரே போய்க் கேட்டு வரட்டும். நீங்கள் சொன்னால் அது நெகட்டிவ். அதையே சக கடைக்காரர் சொன்னால் தொழில் விவரம். இது நியாயமில்லைதான், ஆனால் இப்போதைக்கு வேலை நடக்க வேண்டும்.

இனிமேல் அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நான் எதைத் தொட்டாலும் விளங்காது.’

மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர் ஸ்டீவன் மேயரோடு சேர்ந்து 1967 இல் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. என்ன செய்தாலும் தப்பிக்க முடியாதபடி மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிற்பாடு தப்பிக்க வழி இருந்த இடத்திலும் முயற்சி செய்யாமல் படுத்துக்கொண்டன. மனிதர்களிடம் இது எப்படி நடக்கிறது என்று பல வருடம் ஆராய்ந்த பிறகு அவர் கண்டது இது. கெட்டது நடக்கும்போது அதற்கு நாம் என்ன காரணம் சொல்லிக்கொள்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘எப்போதும் இப்படித்தான்’ என்றும், ‘எல்லாவற்றிலும் இப்படித்தான்’ என்றும், ‘என்னால்தான்’ என்றும் காரணம் சொல்லிப் பழகியவர்கள் சீக்கிரம் ஒடிந்துபோகிறார்கள். உங்கள் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். மூன்றும் அதற்குள் இருக்கின்றன.

இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டை ஜப்தி செய்ய ஆட்கள் வந்தபோது உங்களுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். பாத்திரம் பண்டங்களை வெளியில் எடுத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அந்த வயதில் எதுவும் செய்திருக்க முடியாது. அது உங்கள் ராசியால் நடக்கவில்லை. ஒரு சட்டத்தால் நடந்தது. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. அப்பா தன் கையில் இல்லாத ஒருவரின் கடனுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டார்.

இப்போது உங்கள் முன்னால் இருக்கும் கையெழுத்து அந்த மாதிரியா என்று நிதானமாகப் பாருங்கள். யாரோ ஒருவரின் தொழிலுக்கு நீங்கள் ஜாமீன் நிற்கவில்லை. 9 வருடமாக வரவு செலவு எழுதி, எந்த மாதம் எவ்வளவு மைதா வாங்கினீர்கள் என்பது வரை உங்களுக்குத் தெரிந்த தொழில் இது. நீங்கள் தொட்டது விளங்காது என்றால், நீங்கள் கணக்குப் பார்க்கும் கடை இவ்வளவு காலம் எப்படி ஓடியது? அந்தக் கணக்கு நோட்டுகளை எடுத்து ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஊரடங்கு வந்த வருடத்தையும் சேர்த்துப் பாருங்கள். கண்ணாடி முன்னால் சொன்ன வாக்கியத்தை உங்கள் மனசு நம்பவில்லை, சரி. உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் கணக்கை நம்பும்.

இதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்திரத்தை வைத்து வாங்கும் கடனில் 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி நின்றால் வங்கி அதை வாராக்கடனாக எழுதும். 2002 ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, கோர்ட்டில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்கலாம். உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. அதே சமயம் அந்தப் பயத்துக்கு ஒரு அளவும் இருக்கிறது. ஆறு மாதத் தவணை, அதாவது 24,800 வீதம் சுமார் ஒன்றரை லட்சம், யாரும் தொடாமல் தனியாக இருந்தால், புதுக் கடை தடுமாறினாலும் யோசிக்க உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். அத்தையின் குடம் செய்த வேலையை அந்த ஒன்றரை லட்சம் செய்யும்.

கணவரோடு இதைப் பேச நேரம் பார்த்துப் பேசுங்கள். விளக்கு வைக்கும் நேரம் வேண்டாம், அத்தைக்கு மனசு சங்கடப்படும். கடையைச் சாத்திவிட்டு அவர் அலுத்து வந்து உட்காரும் இரவும் வேண்டாம். வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு மத்தியானமாகப் பாருங்கள். ஆளுக்கு ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஒரு வருடம் கழித்து இந்தக் கடையை மூடிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம், என்ன காரணமாக இருந்திருக்கும்?’ என்று இருவருமே தனித்தனியாக எழுதுங்கள். பெரிய நிறுவனங்களில் புதுத் திட்டம் தொடங்கும் முன் இப்படிச் செய்து பார்க்கிறார்கள். கேரி கிளைன் என்ற ஆய்வாளர் பிரபலப்படுத்திய முறை. இதில் ஒரு நல்லது உண்டு. அவரும் எழுதுவதால், கெட்டதை யோசிப்பது உங்கள் ஒருவர் தலையில் மட்டும் விழாது. ஒரு மாஸ்டரின் கைக்குணத்தில் வரும் வித்தியாசம், எதிரில் வரப்போகும் இன்னொரு கடை என்று உங்களுக்கே தோன்றாதது ஏதாவது அவர் தாளில் இருக்கும். தொழில் அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

இரவு 2 மணி விஷயம். அந்த நேரத்தில் எந்தக் கணக்கும் போடாதீர்கள், போட்டால் பூதாகரமாகத்தான் தெரியும். சாயங்காலம் அரை மணி நேரம் கவலைக்கென்றே ஒதுக்கி, மனசில் இருப்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அதற்கு நாளைக்கு என்ன செய்யலாம் என்று எழுதுங்கள். செய்ய எதுவும் இல்லாத கவலை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். ராத்திரி விழிப்பு வந்தால் ‘நோட்டில் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று திரும்பிப் படுங்கள். முதல் வாரம் பலன் தெரியாது, விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, பசியில்லை, பிடித்த காரியத்தில்கூட மனசு ஒட்டவில்லை, இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அதற்கு இந்தப் பதில் போதாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

கடைசியாகக் கையெழுத்து. கடை போடுவதா வேண்டாமா என்று நான் சொல்வது முறையாகாது, அது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. சண்டைக்குப் பயந்தோ, ‘நெகட்டிவ்’ என்ற பேச்சுக்குப் பயந்தோ மட்டும் போடாதீர்கள். கடன் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிப் படித்துவிட்டுப் போடுங்கள். கணவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்கும் நம் கடை பெரிதாக வேண்டும் என்று ஆசைதான். ஒன்றரை லட்சத்தை என் பெயரில் டெபாசிட் போடுங்கள், இரண்டாவது மாஸ்டருக்கு ஆள் தயாராகட்டும், நாலு கடைக்காரர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள். அதற்கு அடுத்த முகூர்த்த நாளில் நான் வங்கிக்கு வருகிறேன்.’